காரைக்காலில் விடுமுறைக்கு வீடு பிடிக்க

லாட்ஜ் அறையில் குழந்தை குட்டிகளோடு ஒண்டிக் கிடப்பதைவிட, சமையலறையோடு ஒரு வீட்டை வாரத்துக்கு எடுத்துக்கொள்வது குடும்பத்துக்கு வசதி. தரங்கம்பாடி, திருநள்ளாறு, நாகூர், நாகப்பட்டினம் எல்லாமே காரைக்காலிலிருந்து காலையில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பும் தூரம்தான். ஆனால் இந்த ஊரில் வீட்டைப் பார்க்கும் முன்னே பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும்.

1. சனிக்கிழமை வந்து இறங்காதீர்கள். சனிபகவானைத் தரிசிக்க வரும் திருநள்ளாறு கூட்டம் வெள்ளி இரவே காரைக்கால் வரை வழியும். ஞாயிறு மாலை வந்து வெள்ளி காலை காலி செய்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள், வாடகை பேச இடம் கிடைக்கும்.

2. சனிப்பெயர்ச்சி எப்போது என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். திருநள்ளாறு கோயிலில் வாக்கியப் பஞ்சாங்கம்தான் கணக்கு. 2025 மார்ச்சில் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி பெயர்ச்சி என்று எங்கும் பேச்சாக இருந்தது. அந்த ஆண்டு இல்லை, 2026-ல்தான் என்று கோயில் நிர்வாகமே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆனிப் பௌர்ணமியை ஒட்டிய மாங்கனித் திருவிழா, ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, பிறைக் கணக்கில் தேதி நகரும் நாகூர் கந்தூரி, இவையும் கூட்டம் சேரும் நாட்கள். கூட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும், சிறுவர்களோடு வருவதற்கில்லை.

3. 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். பிரான்ஸில் குடியேறியவர்களின் வீடுகள் வருஷத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் அங்கே விடுமுறை விட்டதும் சொந்தக்காரர்களே வந்துவிடுவார்கள், அப்போது கேட்டுப் பயனில்லை. மற்ற மாதங்களில் சாவி வைத்திருக்கும் உறவினரிடம் பேசுங்கள். பூட்டிக் கிடந்த வீடு என்றால் முந்தின நாளே திறந்து, டேங்கைக் கழுவி, மெத்தையை வெயிலில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

4. தண்ணீரைச் சோதிக்காமல் சரி என்று சொல்லாதீர்கள். கடல் தெரிகிற மாடியைவிட நல்ல தண்ணீர் வரும் குழாய்தான் பெரிது. கடலோரப் பகுதியில் பல வீடுகளில் போர் தண்ணீர் கரிக்கும். குழாய் மூக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பாருங்கள். சோப்பை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். நுரைக்காமல் தயிர் திரிந்த மாதிரி திப்பி திப்பியாக நின்றால் கடினத் தண்ணீர். அதில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் குழையாது, காபியும் வாயில் வைக்க விளங்காது. நாலு பேருக்குக் குடிக்க, சமைக்க நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேன் என்று கணக்கு வையுங்கள். தலைக்குக் குளித்து முடித்ததும் கடைசியில் ஒரு சொம்பு கேன் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் முடி சிக்காகாது. நகராட்சிக் குழாய் உண்டா, எந்நேரம் வரும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

5. உப்புக் காற்றில் தாழ்ப்பாள், பூட்டு, கிரில் கேட் எல்லாம் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். எல்லாக் கதவையும் ஒருமுறை பூட்டித் திறந்து பாருங்கள், குறிப்பாகக் குளியலறைத் தாழ்ப்பாளை. குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் விடுமுறை போயிற்று. பையில் ஒரு சின்ன பாட்டில் தேங்காயெண்ணெய் இருக்கட்டும்.

6. கேஸ் ட்யூபில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், பாருங்கள்.

7. மின்மீட்டரை வந்த அன்றும் கிளம்பும் அன்றும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏசிக்குத் தனிக்கணக்கா என்பதை முன்னாலேயே பேசிவிட வேண்டும்.

8. மீனுக்காகவே வருகிறவர்கள் கவனிக்க: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பள்ளி விடுமுறையும் சரியாக அப்போதுதான் வரும்! வஞ்சிரம் வாங்கப் போய் விலையைக் கேட்டு மலைக்காமல், காலையில் கரைக்கு வரும் சிறு படகுகளில் கிடைக்கிற நெத்திலி, மத்தி, நண்டு என்று வாங்குங்கள். அலசிய தண்ணீரை வீட்டுச் சிங்க்கில் கொட்ட வேண்டாம், நாற்றம் தீரவே தீராது.

9. அரசலாறு கடலில் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் குளிக்கவே வேண்டாம். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும். மற்ற இடத்திலும் முழங்காலளவு போதும்.

10. வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர், இரண்டையும் தாண்டினால் தமிழ்நாடு. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால், இங்கே வாங்கிய மதுபாட்டிலோடு தாண்டினால் சோதனைச்சாவடியில் வழக்குத்தான், விருந்தாளி என்ற சலுகையெல்லாம் கிடையாது. கூட வருகிற மாமா, சித்தப்பாக்களிடம் கிளம்பும்போதே சொல்லிவையுங்கள்.

11. உங்களோடு வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை வீட்டுக்காரர் ஆன்லைனில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல்களை வந்ததும் கொடுத்து, பதிந்தாயிற்றா என்று அன்றிரவே கேட்டுவிடுங்கள்.