மழை நாட்டில் ஒரு நட்சத்திர ஆமை

கேள்வி: வீட்டுக்குள் வைத்திருக்கும் நட்சத்திர ஆமையின் ஓடு மெத்தென்று ஆகிவிட்டது. யன்னலோர வெயிலும் விற்றமின் சொட்டும் போதாதா?
வாசகி, நோட்டன் பிரிட்ஜ்

பதில்: போதாது, அம்மா. சூரிய ஒளியிலுள்ள புற ஊதா-பி கதிர் தோலில் பட்டால்தான் விற்றமின் டி3 உருவாகும். அது இல்லாவிட்டால், தின்னும் கல்சியம் எலும்புக்கும் ஓட்டுக்கும் போய்ச் சேராது. யன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும்; இந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். இந்தக் கதிரைத் தருவதற்கென்றே விளக்குகள் உண்டு. ஆனால் எரிந்துகொண்டிருந்தாலும் மாதங்கள் போகப் போக அவற்றின் கதிர் குறைந்துவிடும். சொட்டு மருந்தை நீங்களாகக் கூட்டவே வேண்டாம். விற்றமின்களான டி3, ஏ இரண்டும் மிகுந்தால் உடலில் தேங்கி நஞ்சாகும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. நட்சத்திர ஆமை வரண்ட வலயத்துப் பிராணி. உங்கள் ஊரின் ஈரமும் குளிரும் அதற்கு ஆகாது. இலங்கையில் அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற இனம், அனுமதியின்றி வளர்ப்பது குற்றம். 2019இல் சர்வதேச வணிகமும் தடுக்கப்பட்டது. அன்பாக வளர்க்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனாலும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து ஒப்படையுங்கள். தேயிலை மலையில் மட்டும் விட்டுவிடாதீர்கள், பிழைக்காது. அதுவரை உலர்ந்த, கதகதப்பான இடத்தில் வைத்து, செவ்வரத்தை இலையும் புல்லும் கொடுங்கள். மெத்தென்ற ஓட்டை அழுத்திப் பார்க்க வேண்டாம்.