மோட்டார் பட்டறையில் கூலியும் நாணயமும்

நம் வணிகச் சகோதரர்களில் மோட்டார் பட்டறை நடத்துவோர் உண்டு. வேனும் லாரியும் வைத்துக்கொண்டு பட்டறைக்கு அனுப்புவோரும் உண்டு. இரு சாராருக்கும் பயன்படும் ஒரு விஷயத்தை இங்கே ஆராய்வோம். தொழிலாளிக்குக் கூலியை உயர்த்தினால் வாடிக்கைக்காரரின் பில் ஏறுகிறது. பில்லைக் குறைத்தாலோ தொழிலாளியின் கூலியில் கை வைக்க நேருகிறது. இரண்டையும் ஒருசேரக் காப்பது எங்ஙனம்?

துணிக்கடைக்கு வருபவர் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறார். பட்டறைக்கு வருபவரோ வண்டிக்குள் நடப்பதை அறியார். "பிரேக் தேய்ந்துவிட்டது" என்று நாம் சொன்னால், பெரும்பாலும் நம்பித்தான் ஆகவேண்டும். ஆகவே அவர் வண்டியை மட்டுமல்ல, தம் நம்பிக்கையையும் நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கிறார்.

1. கூலி முறைகள் மூன்று

முதலாவது, மாதச் சம்பளம். தொழிலாளி நிதானமாக வேலை செய்வார். ஆனால் சுறுசுறுப்புக்குத் தனிப் பலன் கிடையாது.

இரண்டாவது, இந்த வேலைக்கு இத்தனை மணி என்று நிர்ணயித்துக் கூலி தருவது. ஒன்றரை மணி வேலையை ஒரு மணியில் முடித்தாலும் ஒன்றரை மணிக் கூலி உண்டு. கைத்திறனுக்கு இது ஊக்கம்தான். ஆயினும் அவசரத்தில் சக்கர நட்டைச் சரியாக முறுக்காமலும், வண்டியை ஓட்டிப் பார்க்காமலும் விட்டுவிடும் அபாயம் உண்டு. பழுதைத் தேடும் நேரத்துக்குக் கூலி இல்லையென்றால், சிக்கலான வண்டியை எவரும் தொட விரும்பார்.

மூன்றாவது, விற்ற சாமானுக்குக் கமிஷன். இதுவே மிக ஆபத்தானது. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனத்தின் பட்டறைகளில், வாடிக்கைக்காரரிடம் பேசி வேலையை ஏற்கும் ஊழியர்களுக்குக் கமிஷனும் விற்பனை இலக்கும் இருந்தன. வேண்டாத வேலைக்குப் பணம் வாங்கியதாக 1992-ல் கலிபோர்னியா மாநில அரசு குற்றஞ்சாட்டிற்று. அவ்வாண்டே நிறுவனம் அந்தக் கமிஷன் முறையைக் கைவிட்டது. நல்ல சாமானைக் கழற்றி எறிந்தால் வருமானம் கூடும் என்ற நிலையில் ஊழியரை வைத்துவிட்டு, அவரிடம் நாணயத்தை எதிர்பார்ப்பது முறையன்று.

2. மலிவுக் கூலி தரும் மயக்கம்

ஓர் உதாரணம் பார்ப்போம். மெக்கானிக்கின் மாதச் சம்பளம் 2,700 வெள்ளி. வேலை நேரம் 180 மணி. மணிக்கு 15 வெள்ளிதானே என்று எண்ணி, முதலாளி வாடிக்கைக்காரரிடம் 25 வெள்ளி வாங்குகிறார். பத்து வெள்ளி லாபம் என்பது அவர் நினைப்பு.

ஆனால் அந்த 180 மணியில், பில் போடக்கூடிய வேலை நடப்பது 120 மணியே என்று கொள்வோம். அப்போது சம்பளம் மட்டுமே மணிக்கு 22.50 வெள்ளி ஆகிறது. வாடகை, மின்சாரம், சேமநிதி, கருவிகள் ஆகியவற்றில் அவர் பங்கு 3,000 வெள்ளி என்றால் இன்னும் 25 வெள்ளி. அடக்கவிலையே 47.50! 55 வெள்ளியாவது வாங்கினால்தான் தொழில் நிற்கும்.

25 வெள்ளி வாங்கியவர் இந்த நஷ்டத்தை எங்கே ஈடுகட்டுவார்? சாமான் விலையில் ஏற்றுவார். அல்லது வேண்டாத சாமானை மாட்டுவார். அல்லது தொழிலாளியின் சம்பளத்தைத் தாமதிப்பார். மலிவான கூலிப் பலகைக்குப் பின்னால் பொய் பிறப்பது இவ்வாறுதான். உண்மையான கூலியை வெளிப்படையாகக் கேட்பதே இரு தரப்புக்கும் நியாயம்.

3. சட்டம் சொல்வது

சிங்கப்பூரின் 2003-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தேவையில்லாத பழுதுபார்ப்பைத் தேவையென்று சொல்வது முறையற்ற செயல். முன்கூட்டிச் சம்மதம் பெறாமல், மதிப்பிட்ட தொகையைவிட மிக அதிகம் வாங்குவதும் அவ்வாறே. மலேசியாவின் 1999-ம் ஆண்டுச் சட்டம், சேவையைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்யக் கோருகிறது. சம்பளத்தைக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் விதி. உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கலாகாது என்பது நம் மார்க்கமும் கற்பித்த பாடமல்லவா?

4. கைக்கொள்ள வேண்டியவை

அ) நல்ல அடிப்படைச் சம்பளம் கொடுங்கள். ஊக்கத்தொகை தருவதாயின், சாமான் விற்றதற்கன்றி, அதே பழுதுக்கு வண்டி திரும்பி வராததற்குத் தாருங்கள்.

ஆ) பழுதைக் கண்டறியும் வேலைக்குக் கட்டணம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லுங்கள், அந்த நேரத்துக்குத் தொழிலாளிக்கும் கூலி கொடுங்கள்.

இ) மதிப்பீட்டை எழுதிக் கொடுங்கள். வேலை கூடினால், ஸ்பேனரைத் தொடுமுன் வாடிக்கைக்காரருக்குப் போன் செய்யுங்கள்.

ஈ) கழற்றிய பழைய சாமானைக் காட்டுங்கள். பில்லில் கூலி வேறு, சாமான் வேறாக எழுதுங்கள்.

உ) நம் வேலையில் குறை இருந்து வண்டி திரும்பினால், மீண்டும் பணம் வாங்காதீர்கள். அந்தச் செலவு பட்டறையைச் சேர்ந்தது. தொழிலாளிக்குப் பிழையைக் காட்டிக் கற்பியுங்கள். நினைத்தபடி சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடந்தராது.

லாரி அனுப்பும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பில்லில் சாமான் விலையைப் பேரம் பேசுங்கள், தவறில்லை. தொழிலாளியின் கூலியை அடிமாட்டு விலைக்குக் கேளாதீர்கள். நாளை அந்த லாரியில் ஏறுபவர் உங்கள் டிரைவர். அவர் உயிர் அந்தத் தொழிலாளி முறுக்கும் நட்டில் இருக்கிறது.