தாமதம் யாருடையது?

கும்பகோணம்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய மூன்று பதிவுகளையும் நேற்று ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். "வாசிக்கும்போது சரியாத்தான் இருக்கு பெரியப்பா, திருப்பிக் கேட்டா கிட்டார் பிந்தியே நிக்குது. எனக்குத் தாளமே வராதோ?" என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிந்துகிறது, உண்மைதான். ஆனால் பிந்துவது யார் என்று தெரிந்துகொள்ளாமல் உன் கையைப் பழிக்காதே. கல்கத்தா டாக்குரியாவில் உன் சின்ன அறையில் கணினி இருக்கிறது, பின்னணி ட்ராக் இருக்கிறது, நீ இருக்கிறாய். மூவரில் யார் வேண்டுமானாலும் பிந்தலாம், முந்தலாம்.

கணினியை முதலில் பார்ப்போம். நீ தந்தியை மீட்டியதும் அந்த ஒலி, கிட்டாரைக் கணினியோடு இணைக்கிற இன்டர்ஃபேஸுக்குள் எண்களாக மாறுகிறது, நொடிக்கு 48,000 எண்கள். கணினி அவற்றை ஒவ்வொன்றாக வாங்குவதில்லை. பஃபர் என்கிற வாளி நிறைந்த பிறகுதான் தூக்குகிறது. வாளி 128 எண் கொள்ளும் என்றால் மூன்று மில்லிசெகண்டுக்குள் நிறைந்துவிடும். 1024 என்றால் 21 மில்லிசெகண்ட். உள்ளே போக ஒரு வாளி, வெளியே வர ஒரு வாளி, ஆக இரட்டிப்பு. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லிசெகண்ட் ஆகும். அப்படியென்றால் 1024 வைத்துக்கொண்டு கணினி வழியாகத் தன் வாசிப்பைக் கேட்பவள், பதினாலு மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து தன் கிட்டாரைக் கேட்கிறாள். அதனால்தான் இன்டர்ஃபேஸின் முகப்பில் நேரடியாகக் கேட்பதற்கென்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை நீ போட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன், வாசிக்கும்போது சரியாக இருப்பதாகச் சொல்கிறாயே.

ஆனால் வாசிக்கும்போது காதில் விழுவது ஒன்று. வாசித்து முடித்ததைக் கணினி கொண்டுபோய் வைக்கிற இடம் இன்னொன்று. போக வர ஆன நேரத்தை மென்பொருள் சரியாகக் கழித்தால்தான் உன் பதிவு ட்ராக்குக்கு நேராக உட்காரும். கழிக்கிறதா என்று ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். கிட்டாரைக் கழற்றிவிடு. இன்டர்ஃபேஸின் வெளிவாயிலிருந்து உள்வாய்க்கு ஒரு கேபிள் போடு. கெயினைக் குறைத்துவை. நேரடியாகக் கேட்கும் பொத்தானையும் அணைத்துவிடு, இல்லையென்றால் ஒலி சுற்றிச் சுற்றி வரும். மெட்ரோனோம் க்ளிக் ஒன்றை ஓடவிட்டு, அதையே பக்கத்தில் புதிதாகப் பதிவு செய். இரண்டு அலைகளையும் பெரிதாக்கிப் பார்த்தால் நடுவே உள்ள இடைவெளிதான் இயந்திரத்தின் தாமதம். அந்த எண்ணைக் கொடுப்பதற்கு மென்பொருளின் அமைப்புகளில் இடம் இருக்கும். பஃபரை மாற்றினால் மறுபடி அள.

இப்போது முக்கியமான விஷயம். இயந்திரம் பிந்தினால் எல்லாச் சுரத்துக்கும் ஒரே அளவு பிந்தும். உன் இரண்டாவது பதிவை நான் அளந்தேன். பல்லவி முழுவதும் ஏறக்குறைய 40 மில்லிசெகண்ட், அடிக்கு அடி மாறாமல். மனிதக் கையால் அவ்வளவு ஒழுங்காகப் பிந்த முடியாது, பாப்பா. அது உன் தவறே இல்லை. ஆனால் சரணத்துக்குத் திரும்பும் இடத்தில் இடைவெளி 40-லிருந்து 15 ஆகிறது, பிறகு பத்துக்கும் கீழே போகிறது. 40-ஐக் கழித்துப் பார்த்தால் அங்கே நீ முந்துகிறாய். கார்டு மாறப்போகிறதே என்ற பயத்தில் விரல் அவசரப்படுகிறது. நீ திருத்த வேண்டியது அந்த ஓரிடம்தான்.

இதில் நான் ஒரு வருஷத்தைத் தொலைத்தவன். உன் ஊரில் லேக் மார்க்கெட் வீட்டில் இருந்தபோது, கொஞ்சம் விலகினால் போதும், இயந்திரத்தைத் திட்டிக்கொண்டு மவுஸால் பதிவை இழுத்து இழுத்து நேராக வைத்துவிடுவேன். ஒருநாள் அளந்து பார்த்தபோது இயந்திரம் சரியாகவே இருந்தது. அலைந்துகொண்டிருந்தது என் கை. ஒரு வருஷம் வாசித்தும் கை திருந்தவில்லை, திருந்த நான் விடவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

ட்ராக்கையும் சந்தேகப்படு. நீ வாசிக்கிற 'இளைய நிலா' 1982-இல் வந்தது. அன்றைக்கெல்லாம் கலைஞர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கேட்டு வாசித்தார்கள். அப்படி எடுத்த பாட்டின் காலப்பிரமாணம் மூச்சு மாதிரி லேசாக விரியும், சுருங்கும். உனக்குக் கிடைக்கிற பின்னணி ட்ராக்கோ பெரும்பாலும் கணினியில் கட்டம் போட்டுப் புதிதாகச் செய்தது. மூலத்தைக் கேட்டுப் பழகிய விரல் கட்டத்தோடு முட்டத்தான் செய்யும். சுருதியும் அப்படித்தான். ட்யூனரில் சரிபார்த்த கிட்டார் ட்ராக்கோடு சேரவில்லையென்றால், 44,100-இல் எடுத்த கோப்பு 48,000-இல் ஓடுகிறதா என்று பார். அப்படி ஓடினால் சுருதி ஒன்றரை செமிடோன் அளவுக்கு ஏறிவிடும், வேகமும் கூடும்.

நீ இருக்கும் ஊர் ஒலிப்பதிவில் முன்னோடி. 1902 நவம்பரில் லண்டனிலிருந்து வந்த ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். கூம்புக் குழாய் ஒன்று, அதன் எதிரே பாடகி, அவரைச் சுற்றிப் பக்கவாத்தியம். யார் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைக் குழாயிலிருந்து உட்கார்ந்த தூரம் தீர்மானித்தது. சில நிமிஷங்கள்தான், ஒரே மூச்சு. மெழுகுத் தட்டு ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த்தான் இசைத்தட்டாகத் திரும்பும். லேபிள் ஒட்டுகிறவர்களுக்காகப் பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை வந்துவிட்டது. அமெரிக்காவில் லெஸ் பால் 1948-இல் தன் கிட்டார் மேல் தானே மறுபடி வாசித்து, எட்டுக் கிட்டார் ஒலிக்கும் ஒரு தட்டை வெளியிட்டார். நீ இன்றைக்குச் செய்வது அந்த வழியில் வந்தது.

கல்கத்தாவின் ஹவாயன் கிட்டார்க்காரர்களையும் தேடிக் கேள். சுனில் கங்கூலி, கவிஞர் நஸ்ருலின் மகன் காஜி அனிருத்தா. ரவீந்திர சங்கீதத்தில் பாடகர் நிற்கிற இடத்தில் கிட்டாரை நிறுத்தினார்கள். வரி முடிந்ததும் கிட்டார் ஓய்ந்துவிடும். பாடகர் மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் தந்தியும் மூச்சு வாங்கும். உன் பதிவில் அந்த இடைவெளியே இல்லை. வரிகளை முதலில் வாயால் பாடு, மூச்சு எங்கே விழுகிறது என்று பார், பிறகு வாசி. சரணத்து அவசரமும் அதோடு பாதி போய்விடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதிவில் வரும் இரைச்சலைப் பற்றியும் கேட்டிருந்தாய். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பார். மின்விசிறி ரெகுலேட்டரும் இரையும். ஒரு டேக் முடியும்வரை விசிறியை அணைத்துவிட்டு வியர்வையைப் பொறுத்துக்கொள். பழைய கட்டடம், பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல், நீயாகக் கை வைக்காதே. கேபிளைச் சொருகியதும் கிட்டாருக்கான பொத்தானை அழுத்து, இல்லையென்றால் மேல் சுரங்கள் மங்கிவிடும். கெயின், நீ வேகமாக அடிக்கும்போது -12 டெசிபலைத் தொட்டால் போதும். சிவப்பு எரிந்தால் அந்த டேக் போனதுதான். அந்த ஊர் ஈரத்துக்குக் கிட்டார்ப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டுவை.

ட்ராக் உன்னைக் கேட்காது, பாப்பா. நீ தடுமாறினாலும் அது தன்பாட்டுக்குப் போகும். அதோடு மட்டுமே வாசித்தால், கூட வாசிப்பவன் கேட்கிறான் என்ற உணர்வே விரலுக்கு மறந்துவிடும். துர்கா பூஜைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் காலையில் சியால்தா ஸ்டேஷனுக்குப் போ. ஊர்களிலிருந்து வந்த டாக் என்கிற மேளம் வாசிப்பவர்கள், பந்தல்காரர்கள் வந்து அழைத்துப்போவதற்காக அங்கே கூடி வாசித்துக்கொண்டிருப்பார்கள். பெரியவர் டாக் அடிப்பார். நம் சேகண்டி மாதிரி ஒரு வெண்கலத் தட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு சிறுவன் நிற்பான். அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிரு. அவன் கண் எங்கே இருக்கிறது, பெரியவர் வேகம் கூட்டினால் எந்த நொடியில் அவன் கை கூடுகிறது என்று பார்.

திரும்பி வந்து, ட்ராக்கும் க்ளிக்கும் இல்லாமல் காலால் தாளம் போட்டு அதே சரணத்தை ஒருமுறை பதிவு செய்து அனுப்பு. கேபிள் போட்டு அளந்த எண்ணையும் எழுது. லேக் மார்க்கெட் பக்கம் போனால் காபித்தூள் வாங்கிக்கொள், உனக்கு அங்கே நல்ல காபி கிடைக்கிறதா என்று பெரியம்மா தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
பெரியப்பா