பள்ளி இடைநிற்றலும் சமுதாயத்தின் கடமையும்
ரங்காரெட்டி மாவட்டம் தரும் பாடம்

ஐதராபாத் நகரின் மேற்கே அமைந்துள்ள கொண்டாப்பூர், ஒரு தலைமுறைக்கு முன்பு பாறைக் குன்றுகள் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. அண்டையிலுள்ள மாதாப்பூரில் 1998ஆம் ஆண்டு சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டதை அடுத்து இப்பகுதியின் தோற்றமே மாறியது. 2007ஆம் ஆண்டில் சேரிலிங்கம்பள்ளி நகராட்சி ஐதராபாத் பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டபோது கொண்டாப்பூரும் மாநகரின் பகுதியாயிற்று. இன்று அங்கே கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வானளாவ எழுந்து நிற்கின்றன.

இக்கட்டடங்களை எழுப்பும் தொழிலாளர்களில் பலர் தொலைதூர மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் குடும்பத்துடன் வந்தவர்கள். பணியிடத்தை ஒட்டிய தகரக் கொட்டகையே அவர்களுடைய வீடு. கட்டடம் முடிந்தால் குடும்பம் வேறிடம் செல்கிறது. பிள்ளை பள்ளியில் சேர்ந்திருந்தால், அதன் பெயர் பதிவேட்டில் தங்கிவிடுகிறது. பிள்ளை மட்டும் போய்விடுகிறது. அடுத்த ஊரில் அப்பிள்ளை பள்ளிக்குச் செல்கிறதா என்று கேட்பதற்கு யார் இருக்கிறார்கள் என்பதே இன்றைய கல்வி நிருவாகத்தின் முன்னுள்ள கடினமான வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கொண்டாப்பூர் அடங்கிய ரங்காரெட்டி மாவட்டத்தின் சிற்றூர்களிலேயே, 1990களில், பள்ளியும் ஊர் மக்களும் கைகோத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு மீட்ட முயற்சி ஒன்று நடந்தது. அதன் படிப்பினைகளையும், நகரச் சூழலுக்கு அவை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதையும் ஆராய்வது பயனுடையதாகும்.

இடைநிற்றல் என்பது ஒரு நாளில் நிகழ்வதன்று

ஒரு மாணவன் பள்ளியை விட்டு நின்றான் என்று பதிவேட்டில் குறிக்கப்படும் நாள், உண்மையில் அவன் பள்ளியைப் பிரிந்த நாளன்று. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பிரிவு தொடங்கிவிடுகிறது. முதலில் பாடம் புரியாமற் போகிறது. புரியாத மாணவன் பின் வரிசைக்குச் செல்கிறான். கேள்வி கேட்பதை நிறுத்துகிறான். அறுவடைக் காலத்திலோ வீட்டில் ஒருவர் நோயுற்றபோதோ சில நாட்கள் வராமல் இருக்கிறான். திரும்பி வரும்போது பாடம் மேலும் முன்னே சென்றிருக்கிறது. விடுப்பு நீள்கிறது. இறுதியில் ஒரு வேலை அவனைப் பற்றிக்கொள்கிறது.

இவ்வாறு நோக்கினால், ஆர்வமின்மை, ஒழுங்கற்ற வருகை, இடைநிற்றல் ஆகிய மூன்றும் ஒரே சரிவின் மூன்று படிகள் என்பது விளங்கும். முதற்படியில் ஆசிரியர் ஒருவரின் கவனமே போதுமானது. இரண்டாம் படியில் பெற்றோரின் ஒத்துழைப்பு தேவைப்படுகிறது. மூன்றாம் படியிலோ ஊர் முழுவதும் முயன்றாலன்றிப் பிள்ளையை மீட்பது அரிது. அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் பலவற்றில், கல்வியாண்டின் நாட்களில் பத்தில் ஒரு பங்கிற்கு வராத மாணவர்களைத் தனியே கணக்கிட்டுக் கவனிக்கும் வழக்கம் ஏற்பட்டிருப்பதும் இதனாலேயே ஆகும். சரிவின் தொடக்கத்திலேயே தடுப்பது எளிது என்பது அதன் அடிப்படை.

நம் நாட்டு நிலையைச் சில புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, 6 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 3.22 கோடிப் பேர் பள்ளிக்கு வெளியே இருந்தனர். மொத்தச் சேர்க்கை விகிதம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 90.9 விழுக்காடாகவும், 9, 10ஆம் வகுப்புகளில் 79.3 விழுக்காடாகவும், 11, 12ஆம் வகுப்புகளில் 56.5 விழுக்காடாகவும் இருந்தது என 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை குறிப்பிடுகிறது. சேர்ப்பதில் நாடு பெரிதும் வென்றுள்ளது. தக்கவைத்துக்கொள்வதில் இன்னும் வெல்லவில்லை என்பதே இதன் பொருள்.

ரங்காரெட்டி மாவட்டத்தின் அனுபவம்

கொண்டாப்பூரை அடுத்துள்ள ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராகப் பணியாற்றியவர் சாந்தா சின்ஹா. தம் பாட்டனார் மாமிடிப்பூடி வெங்கடரங்கையாவின் நினைவாக 1981ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அறக்கட்டளையின் மூலம், 1991 முதல் அவர் ரங்காரெட்டி மாவட்டச் சிற்றூர்களில் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பில் ஈடுபட்டார். இப்பணிக்காக 2003ஆம் ஆண்டில் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. 2007இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகவும் அவர் பொறுப்பேற்றார்.

அக்காலத்தில் பரவலாக நிலவிய கருத்து ஒன்று உண்டு. ஏழைப் பெற்றோருக்குப் பிள்ளையின் கூலி இன்றியமையாதது. ஆகவே வறுமை நீங்கினால்தான் குழந்தைத் தொழில் நீங்கும். அதுவரையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளி நடத்தலாம் என்பதே அக்கருத்து. அறக்கட்டளை இதற்கு மாறான நிலையை மேற்கொண்டது. பள்ளிக்கு வெளியே உள்ள ஒவ்வொரு பிள்ளையும் தொழிலாளியே. எல்லாப் பிள்ளைகளும் முழு நேரப் பகற்பள்ளியிலேயே பயில வேண்டும் என்பது அதன் உறுதியான கோட்பாடாகும்.

வீடு வீடாகச் சென்றபோது, எழுத்தறிவற்ற பெற்றோரும் பிள்ளையைப் படிக்க வைக்க விரும்புவது தெரியவந்தது. விருப்பத்திற்கும் வகுப்பறைக்கும் இடையே நின்ற தடைகள் பல. பிறப்புச் சான்று இல்லை. மாற்றுச் சான்று இல்லை. கல்வியாண்டின் நடுவில் சேர்க்க முடியாது. பத்து வயதுப் பிள்ளையை முதல் வகுப்பில் உட்கார வைத்தால் அது வெட்கி ஓடிவிடும். படித்தவருக்கு இவை சிறு தடைகள். பள்ளி வாயிலை ஒருபோதும் மிதித்திராத தாய்க்கு மலை போன்றவை.

இத்தடைகளை அகற்றும் முறை மூன்று பகுதிகளைக் கொண்டிருந்தது. முதலாவது, ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல். தம் குடும்பத்திலேயே முதன்முதலாகப் படித்த இளைஞர்கள் தொண்டர்களாக இப்பணியில் ஈடுபட்டனர். இரண்டாவது, இணைப்பு முகாம். வேலையிலிருந்து மீட்கப்பட்ட மூத்த பிள்ளைகள் முகாமில் தங்கிப் பயின்று, தம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்வதற்குத் தகுதி பெற்றனர். மூன்றாவது, பள்ளியில் சேர்ந்த பின் தொடர்ந்து கண்காணித்தல். ஊராட்சி உறுப்பினர்களும், பெற்றோரும், இளைஞர்களும், ஆசிரியர்களும் கூடிப் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்தனர்.

இம்முயற்சி அரசுப் பள்ளிக்கு மாற்றாகத் தனிப் பள்ளி எதனையும் நிறுவ முற்படவில்லை. அரசுப் பள்ளியை ஊரின் பள்ளியாக்குவதே அதன் நோக்கம். ஆகவே அரசுப் பள்ளி ஆசிரியர்களே குழந்தைத் தொழிலாளர் விடுதலைக்கென ஓர் அமைப்பாகத் திரண்டனர். பிள்ளைகளை வேலைக்கு வைத்திருந்த நிலவுடைமையாளர்களையும் பகைவர்களாகக் கருதாமல், ஊர்க் கூட்டத்தில் பேசி இணங்க வைக்கும் வழி பின்பற்றப்பட்டது. மனம் மாறிப் பிள்ளையை விடுவித்தவரை ஊரார் முன்னிலையில் பாராட்டியதும் உண்டு. பிள்ளைகள் வேலை செய்வது இயல்பு என்றிருந்த ஊர் வழக்கம், பிள்ளைகள் படிப்பதே இயல்பு என்று மாறுவதற்கு இது துணை செய்தது.

சட்டம் அளித்த வலிமை

களத்தில் கண்டறியப்பட்ட இத்தடைகளிற் பல பின்னர் சட்டத்தினால் நீக்கப்பட்டன. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ மாற்றுச் சான்று தாமதமாகிறது என்பதற்காகவோ 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குச் சேர்க்கை மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளித்தல் வேண்டும். தம் எல்லைக்குள் வாழும் பிள்ளைகளின் பதிவேட்டை வைத்திருத்தல், அவர்களுடைய வருகையைக் கண்காணித்தல், இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தல் ஆகியவை உள்ளாட்சி அமைப்பின் கடமைகளாகும்.

அரசுப் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு அமைதல் வேண்டும் என்றும், அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும் என்றும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. குழு காகிதத்தில் மட்டும் இருந்தால் பயனில்லை. வருகைப் பதிவேட்டைக் குழுவின் முன் விரித்து வைத்து, இம்மாதம் வராதவர் யார், ஏன் வரவில்லை, யார் சென்று பார்ப்பது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை காணும் குழுவே உயிருள்ள குழுவாகும்.

நகரில் ஊர் எங்கே?

ரங்காரெட்டிச் சிற்றூர்களின் வெற்றிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அங்கே எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்தனர். ஒரு சிறுமி பள்ளிக்குச் செல்லாமல் மாடு மேய்த்தால் ஊர் அதைக் கண்டது. கொண்டாப்பூரின் கட்டடப் பணியிடத்தில் அத்தகைய ஊர் இல்லை. தாயும் தந்தையும் வேலையில் இருக்க, எட்டு வயதுச் சிறுமி கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு கொட்டகையில் இருந்தால், அதை அக்கறையோடு கவனிக்க அண்டை வீட்டார் இல்லை. வெளி மாநிலப் பிள்ளையாயின் பள்ளியின் மொழியும் புதிது.

ஆயினும் நகரிலும் ஒரு சமுதாயத்தை அமைத்துக்கொள்ள இயலும். ஐதராபாத்தைச் சுற்றியுள்ள செங்கற்சூளைகளில் இதற்கு முன்மாதிரி உண்டு. ஒடிசாவிலிருந்து வரும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக, ஒடியா மொழியில் கற்பிக்கும் பணியிடப் பள்ளிகள் அங்கே நடத்தப்பட்டன. 2017இல் ராச்சகொண்டா காவல் ஆணையரகம் இதில் முன்னின்றது. சூளை உரிமையாளர், காவல் துறை, கல்வித் துறை, தொண்டு நிறுவனம் ஆகியோர் இணைந்தால் இடம்பெயரும் பிள்ளைக்கும் கல்வி கிட்டும் என்பதற்கு இது சான்று.

கட்டடத் துறையில் இதற்கான பொறுப்பை ஒப்பந்தக்காரரும் ஏற்க வேண்டும். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் கட்டடப் பணியிடத்தில் குழந்தைகள் காப்பகம் அமைக்க 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் வழி செய்தது. காப்பகம் இருந்தால் கைக்குழந்தை அங்கே தங்கும்; அக்காள் பள்ளிக்குச் செல்வாள். ஒரு காப்பகம் ஒரு சிறுமியின் கல்வியைக் காக்கும் என்பதைத் தொழிலாளர் துறையும் கல்வித் துறையும் சேர்ந்தே உணர்தல் வேண்டும்.

அலுவலர்கள் மேற்கொள்ளத்தக்கவை

மண்டல அளவில் பணியாற்றும் கல்வி அலுவலர் இவ்வனுபவங்களிலிருந்து நான்கு செயல்களைத் தேர்ந்துகொள்ளலாம். ஒன்று, தெலங்கானாவில் பள்ளி திறக்கும் பருவத்தில் ‘படி பாட்ட’ என்னும் பெயரில் நடைபெறும் சேர்க்கை இயக்கத்தைப் பணியிடக் கொட்டகைகளுக்கும் கொண்டு செல்லுதல். அதனை ஆண்டின் நடுவிலும் ஒருமுறை நடத்துதல். இரண்டு, தொடர்ந்து சில நாட்கள் வராத பிள்ளையின் இருப்பிடத்திற்கு எவர் செல்வது என்பதைப் பெயர் குறிப்பிட்டு முன்னரே முடிவு செய்தல். மூன்று, குடும்பம் இடம்பெயரும்போது பிள்ளையின் விவரத்தைச் சேருமிடத்துப் பள்ளிக்குத் தாமே அறிவித்தல். நான்கு, வந்து சேர்ந்த பிள்ளைக்குப் பாடம் புரிகிறதா என்பதை முதல் மாதத்திலேயே அறிந்து துணை செய்தல். இந்நான்காவது செயல் தவறினால் முதல் மூன்றும் வீணாகும். ஏனெனில் புரியாத வகுப்பறையே இடைநிற்றலின் முதற்படி.

பள்ளிக்கும் மக்களுக்கும் உள்ள உறவு நம் நாட்டிற்குப் புதிதன்று. 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலத்தில் காமராசர் ஆட்சிக் காலத்தில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் தம் பள்ளிக்கு இடமும், கட்டடமும், தளவாடமும் மனமுவந்து அளித்தனர். அன்று மக்களிடம் கேட்கப்பட்டது பொருள். இன்று கேட்கப்படுவது கவனம். பொருளைக் காட்டிலும் கவனத்தைத் திரட்டுவது கடினம். அதற்குச் செலவு குறைவு, பொறுமை மிகுதியாகத் தேவை.

சேர்க்கைப் புள்ளிவிவரம் பெயர்களின் எண்ணிக்கையையே காட்டும். அப்பெயருக்குரிய பிள்ளை இன்று காலை வகுப்பில் இருக்கிறதா என்று நாள்தோறும் கேட்கும் ஒருவர், பள்ளியிலும் வேண்டும், பள்ளிக்கு வெளியிலும் வேண்டும். அவ்விருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் இடத்தில் எந்தப் பிள்ளையும் எளிதில் தொலைந்துவிடாது.