மலையடிவாரத்துக்கு வந்திருக்கும் வனவருக்கு



நீ அனுப்பிய வரைவுத் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். குழி எத்தனை, நாற்று எத்தனை, கூலி எவ்வளவு, எல்லாம் இருக்கிறது. மூன்றாம் வருஷம் எத்தனை கன்று உயிரோடு நிற்க வேண்டும் என்று மட்டும் ஒரு வரியும் இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. என் முதல் திட்டமும் இப்படித்தான் இருந்தது. இரண்டாம் கோடையில் போய்ப் பார்த்தேன். குழி இருந்தது, கன்று இல்லை. ஒரே ஒரு தீ.

திருவண்ணாமலை மலையில் முதல் எதிரி புல்தான். மழையில் ஆளுயரத்துக்கு எழும் எலுமிச்சம்புல் தை பிறந்ததும் காய்ந்துவிடும். ஒரு பீடித்துண்டு போதும். இங்கே 'த ஃபாரஸ்ட் வே' அறக்கட்டளையினர் நாட்டு மரக் கன்றுகளை வளர்த்து நட்டதோடு நிற்கவில்லை. தீத்தடுப்புக் கோடு செதுக்கினார்கள், புகை தெரிந்தால் ஏறி ஓட ஆள் வைத்தார்கள். மலை பச்சையானதற்கு நட்ட கை பாதி, அணைத்த கை பாதி.

1997இல் ஜப்பான் கடனுதவியோடு தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. கிராம வனக் குழுக்கள் அதில்தான் பெருகின. நான் பார்த்த ஊர்களில் பணம் வந்தவரை குழு கூடியது. பிறகு தீர்மானப் புத்தகம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஊர் நினைவில் வைத்திருந்தது அந்தத் திட்டத்தில் கட்டிய தடுப்பணையை. கிணற்றில் நீர் ஏறியதே!

உத்தராகண்டின் குமாவுன் மலையில் 1931 முதல் வன பஞ்சாயத்துகள் இருக்கின்றன. புல்லை எப்போது அறுக்கலாம் என்பதை அங்கே ஊரே முடிவு செய்கிறது. பல ஊர்களில் காவலாளிக்குக் கூலியும் ஊர்தான் தருகிறது. நம் அரசியல் சாசனமும் சமூகக் காடு வளர்ப்பை 11ஆம் அட்டவணையில் ஊராட்சிக்கும், நகர்ப்புற வனத்தை 12ஆம் அட்டவணையில் நகராட்சிக்கும் உரிய பொருள்களாக வைத்திருக்கிறது. ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை காட்டுக்கான செயல்திட்டம் எழுதுவது வனத்துறையான நாம்தான். நம் மலையைச் சுற்றும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதைச் சுற்றி வருவதற்குள் காப்புக்காடு, மாநகராட்சி, ஊராட்சிகள், நெடுஞ்சாலைத் துறை, அறநிலையத் துறை என்று எத்தனை அலுவலகத்தின் எல்லையைத் தாண்டுகிறோம், எண்ணிப்பார்.

2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் இறந்தார்கள். மரம் இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும், நீ பேசாதே. அத்தனை மழையில் மரம் பாறையைப் பிடித்து நிறுத்தும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. மலைநீர் எந்த வழியாக இறங்கும் என்ற வரைபடம் நம்மிடமும், வீட்டுக்கு அனுமதி தரும் கோப்பு உள்ளாட்சிகளிடமும் இருந்தால் திட்டம் எதற்கு? ஓடைகளை வரைபடத்தில் குறித்து, ஒரு பிரதியை மாநகராட்சிக்கும் ஊராட்சிகளுக்கும் கையெழுத்து வாங்கிக் கொடு.

வரைவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏழாம் பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டிருக்கிறேன். அடிவாரத்து ஊர்களில் புல் அறுப்பவர் யார், கோடு செதுக்குபவர் யார், எந்த வாரம், கூலி எந்தத் தலைப்பில் என்று பெயரோடு எழுது. கூலி மார்ச்சில் வரும் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதே. பொங்கலுக்குள் கோடு முடிய வேண்டும்.