பிறரைப் பார்த்தொழுகுதல்

பிறரைப் பார்த்தொழுகுதல் மாந்தர்க்கு இயல்பு. குழந்தை தாயின் பேச்சைக் கேட்டே பேசுகின்றது. புதிதாய்க் கொழுந்தெடுக்க வந்தவள், பக்கத்து நிரையிலே பழகினவளின் விரல்களைப் பார்த்தே இரண்டிலையும் ஒரு மொட்டும் கிள்ளக் கற்கின்றாள். இவ்வியல்பு இல்லையாயின் கல்வியுமில்லை, தொழிலுமில்லை. ஆயினும் கேட்டுக்கும் இதுவே வாயிலாகின்றது. நன்மையாவது எப்பொழுது, தீமையாவது எப்பொழுது என ஆராய்வாம்.

நம் மலைநாட்டின் சரித்திரமே இதற்குச் சான்று. கோப்பியினாலே சிலர் பொருளீட்டினர் எனக் கேட்டுப் பலரும் காடழித்துக் கோப்பி நட்டனர். 1869ஆம் ஆண்டிலே இலைநோய் தோன்றிற்று. அதன் பின்னும், விலை உயர்ந்திருத்தலையும் அயலார் நடுதலையும் கண்டு, புதுக்காடுகளை அழித்து அப்பயிரையே நட்டனர். இருபது வருஷங்களுள் அது பெரும்பாலும் அழிந்தது. கெட்டவர் துரைமார் மாத்திரமல்லர், கூலியாளரும் பிழைப்பிழந்தனர். இடையிலே சிலர் சிங்கோனாவால் இலாபமடைந்தனர். உடனே பலரும் அதனை நட்டனர். பட்டை சந்தையிலே குவிந்து விலை வீழ்ந்தது.

ஜேம்ஸ் டெயிலரோ கோப்பி செழித்திருந்த 1867ஆம் ஆண்டிலேயே லூல்கந்துரைத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவரும் இந்தியத் தேயிலைத் தொழிலைப் பின்பற்றியவரே. ஆயினும் தம் பங்களா விறாந்தையிலே இலையைக் கையால் உருட்டிப் பதஞ்செய்து, சோதித்துச் சோதித்துக் கைக்கொண்டார். கோப்பி வீழ்ந்தபோது தோட்டங்களுக்கு வழிகாட்டியது அம்முயற்சியே. முன்னையோர் பிறர் செய்கையை மாத்திரம் கொண்டனர். இவர் அதன் காரணத்தையும் கற்றுக்கொண்டார்.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் செய்ததும் இவ்வாறே. அவர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்தவர். பாதிரிமாரின் பலம் பாடசாலை, அச்சுக்கூடம், பிரசங்கம் என்னும் மூன்றிலும் இருந்தமையைக் கண்டார். 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கந் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். முறையை எடுத்துக்கொண்டார், தம் சமயத்தை விட்டாரல்லர். அவரைத் தூண்டியது வியப்பன்று, நோக்கமே.

இனி நம் லயங்களை நோக்குவாம். சம்பள நாளிலே வாலிபன் ஒருவன் முதன்முறை சாராயங் குடிப்பது தாகத்தினாலன்று, தோழர் குடிப்பதினாலேயாம். அயல்வீட்டுக் கலியாணம் ஆடம்பரமாய் நடந்ததென்று, தன் மகளின் கலியாணத்துக்குத் தகப்பன் கடன்படுகின்றான். அவ்விருவரும் தீயரல்லர். தனித்து நிற்றற்கு நாணினர், அவ்வளவே. அந்நாணமே வறுமையை மகனுக்கும் பேரனுக்கும் வைத்துச் செல்கின்றது. அதே லயத்திலே ஒரு வீட்டுப் பிள்ளை விளக்கடியிற் படிப்பின், அடுத்த வீட்டுப் பிள்ளையும் புத்தகம் எடுக்கின்றது. ஒரே இயல்பு இரண்டையுஞ் செய்கின்றது.

ஆதலாற் பிறரைப் பாராதே எனப் போதித்தல் வீண். ஒன்றைப் பின்பற்றுமுன், இவர் இதனை ஏன் செய்கின்றார், எனக்கும் அக்காரணம் உண்டா என வினவப் பழக்குதல் வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் இன்னுமொன்று நினைக்கக்கடவர்: பிள்ளைகள் நாம் சொல்வதிலும் நாம் செய்வதையே விரைவிற் கற்கின்றனர்.