ஒரு கார் செற், நாலு ஸ்பீக்கர்: வயர் பிடிக்கும் முன் ஒரு கணக்கு

மின்சாரம் எட்டாத குடியிருப்புகளில் பொதுக் கொட்டிலுக்கு ஒலிபெருக்கி வேண்டுமென்றால், எமது இளைஞர்கள் முதலில் தேடுவது கழித்துவிட்ட வாகனத்தின் கார் செற்றைத்தான். அதில் நியாயம் இருக்கிறது. அது 12 வோல்ற் பற்றறியில் வேலை செய்யும். மின்பிறப்பாக்கியும் எண்ணெய்ச் செலவும் இல்லை. 1990களில் வடக்கில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட சமூகத்துக்கு இது பெரிய வித்தையுமல்ல. ஆனால் ஸ்பீக்கர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போதுதான் செற் எரிகிறது. எல்லோரும் சேர்த்துப் போட்ட காசு ஒரு மாலைப் பொழுதில் புகையாகிப் போன பின், "சாமான் சரியில்லை" என்கிறோம். பெரும்பாலும் பிழை சாமானில் அல்ல, வயர் பிடித்த முறையில்தான்.

ஸ்பீக்கரின் பின்புறக் காந்தத்தைப் பாருங்கள். 4 அல்லது 8 என்ற இலக்கமும், அருகில் குதிரை இலாடம் போன்ற ஒரு குறியும் இருக்கும். அந்தக் குறி ஓம். மின்னோட்டத்தை ஸ்பீக்கர் எவ்வளவு மறிக்கிறது என்பதை அது காட்டுகிறது. ஜோர்ஜ் ஓம் என்ற ஜெர்மானியர் 1827இல் வெளியிட்ட விதி இன்றும் எமக்குப் போதும்: அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் வரும். ஸ்பீக்கருக்குள் இருப்பது கம்பிச் சுருள். பாட்டும் பேச்சும் அதற்குள் ஆடலோட்டமாகப் போவதால், சுருள் காட்டும் எதிர்ப்பு மீடிறனுக்கு ஏற்பக் கூடிக் குறையும். ஆகையால் இதைத் தடை என்னாமல் தடங்கல் என்கிறோம். மீற்றர் வைத்து அளந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரைக்கு அண்மையிலும், 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு ஏழிலும் காட்டும். அது பழுதல்ல. கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். வீட்டு றேடியோச் செற்றுகளில் 8 ஓம் அதிகம்.

இனி, தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதே அளவான இரண்டாவது வாய்க்காலையும் தொட்டியிலேயே திறந்துவிட்டால் தண்ணீர் இருமடங்கு போகும். இறைப்பு இயந்திரம் இருமடங்கு உழைக்க வேண்டும். இதுவே சமாந்தர இணைப்பு. ஒரே வாய்க்காலில் ஒடுக்கமான இரண்டு இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் ஓட்டம் குறையும். அது தொடர் இணைப்பு.

இலக்கத்தில் சொன்னால், இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைத் தொடராகப் பிடித்தால் 8 ஓம். சமாந்தரமாகப் பிடித்தால் 2 ஓம். மூன்றைச் சமாந்தரமாகப் பிடித்தால் 1.3 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். கார் செற் பெரும்பாலும் 4 ஓமுக்கென்றே செய்யப்பட்டது. அதற்குக் கீழே போகக்கூடாது, மேலே போகலாம். "இரண்டும் சரிசமமாகப் பொருந்த வேண்டும்" என்று சிலர் சொல்வது பழைய வால்வு அம்பிளிபயர்களுக்குரிய பேச்சு. இன்றைய செற்றுக்கு ஓம் கூடினால் சத்தம் குறையும். ஓம் குறைந்தால் செற் எரியும்.

ஏன் எரிகிறது? 12 வோல்ற் பற்றறியில் ஓடும் சாதாரண கார் செற் தெளிவான ஒலியாக வெளியே தள்ளக்கூடிய அழுத்தம், மிக நல்ல நிலையிலும், ஏறத்தாழ 8.5 வோல்ற்தான். 4 ஓமில் இரண்டு அம்பியருக்குச் சற்று மேல் ஓடும்; வலு 18 வாற்று. (செற்றின் முகப்பில் "50 வாற்று, நாலு வழி" என்று அடித்திருப்பது விற்பனைக்காரரின் கணக்கு, அதை நம்பிக் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.) 2 ஓமில் அந்த ஓட்டம் இரட்டிக்கும். உள்ளே விரல் நகமளவு சில்லில் அந்தச் சூடெல்லாம் இறங்கும். தகரக் கொட்டிலின் மதிய வெக்கையில் பின்பக்க அலுமினியத் தகட்டால் அதை வெளியேற்ற முடியாது. நல்ல செற் சத்தத்தை நிறுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளும். சற்று ஆறியதும் மீண்டும் பேசும். "லூஸ் வயர்" என்று தட்டிப் பார்க்காமல், ஓம் குறைந்துவிட்டதா என்று பாருங்கள். பற்றறியும் வேகமாக இறங்கும். அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சார்ஜ் பண்ணப் போகிறவருக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

செற்றுக்கு நாலு வழி இருந்தால் வேலை மிக எளிது. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என்று நாலு சோடி வயர் வெளியே வரும். ஒவ்வொரு சோடியிலும் கறுப்புக் கோடுள்ளது சய முனை, கோடில்லாதது சக முனை. இது பல கம்பனிகள் பின்பற்றும் நிறமுறை. ஆனாலும் செற்றில் ஒட்டியுள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சோடிக்கு ஒரு ஸ்பீக்கர் பிடியுங்கள், தொடரும் வேண்டாம் சமாந்தரமும் வேண்டாம். வயரை மிச்சம் பிடிக்கவென்று நாலு சய முனைகளையும் ஒன்றாக முறுக்கவோ, செற்றின் இரும்பு உடலில் தொடுக்கவோ கூடாது. இத்தகைய செற்றுகளில் சய வயரும் ஒலியைச் சுமக்கிறது. உடலில் பட்டால் அது குறுஞ்சுற்று. பழைய கசற் செற்றுகள் சிலவற்றில் சய முனை உடலோடு சேர்ந்திருந்தது உண்மை. அந்தப் பழக்கத்தை இதற்குக் கொண்டுவரக்கூடாது.

ஒரு வழியில்தான் நாலு ஸ்பீக்கரும் ஓட வேண்டுமென்றால், அதற்கும் வழியுண்டு. முதல் ஸ்பீக்கரின் சய முனையை இரண்டாவதின் சக முனையோடு சேருங்கள். மற்ற இரண்டையும் அவ்வாறே சேருங்கள். ஒவ்வொரு சோடியும் 8 ஓம். இரு சோடிகளையும் சமாந்தரமாகப் பிடித்தால் மீண்டும் 4 ஓம். செற்றுக்கு ஒரு ஸ்பீக்கர் போலவே தெரியும். ஒன்று அறுந்தால் அதன் சோடியும் ஊமையாகும் என்பதே குறை. இரண்டு ஸ்பீக்கர் மட்டுமென்றால் தொடராகவே பிடியுங்கள். 18 வாற்று 9 ஆகும், ஆனால் காதுக்குப் பாதியாகக் கேட்காது, சற்றே தணிந்ததாகத்தான் கேட்கும்.

4 ஓமையும் 8 ஓமையும் கலப்பதை நாம் விரும்புவதில்லை. சமாந்தரமாகப் பிடித்தால் இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்: 32ஐ 12ஆல் வகுக்க 2.7 ஓம். செற்றுக்கு அது ஆகாது. தொடராகப் பிடித்தால் 8 ஓம் ஸ்பீக்கர் மற்றதைவிட இருமடங்கு வலுவை வாங்கும். அது சிறிய றேடியோ ஸ்பீக்கராக இருந்தால் கடதாசி கிழிந்துவிடும்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். 20 மீற்றர் தள்ளி ஸ்பீக்கர் வைத்தால் போக வர 40 மீற்றர் கம்பி. 0.5 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயரென்றால் அதுவே 1.4 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்குப் போகும் வலுவில் ஏறத்தாழக் காற்பங்கு வயரிலேயே செத்துவிடும். தொடராகப் பிடித்த 8 ஓம் சோடிக்கு இழப்பு ஏழில் ஒரு பங்குதான். தடித்த வயர் கிடைக்காத இடத்தில் இது நல்ல உபாயம்.

சக, சய குறி அழிந்த ஸ்பீக்கரை 1.5 வோல்ற் ரோச் பற்றறியால் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பற்றறியின் சகம் தொட்ட முனையே ஸ்பீக்கரின் சகம். அருகருகே உள்ள இரண்டில் ஒன்று மாறிப்போனால் எரியாது, ஆனால் ஒன்று தள்ள மற்றது இழுப்பதால் தடித்த ஒலி காணாமற்போகும்.

பற்றறியின் சக முனைக்கு அருகிலேயே பியூஸ் போடுங்கள். அது போனால் செப்புக் கம்பி சுற்றி ஓட்ட வேண்டாம். முதல் நாள் சத்தத்தைக் குறைத்து வைத்து அரை மணித்தியாலம் ஓடவிட்டு, பின்பக்கத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத சூடென்றால் செற்றை நிறுத்தி, ஓமை மீண்டும் எண்ணுங்கள்.